நாற்பத்தொன்றாம் கொக்கி

கொலராடோ மலைநகரத்துப் பழைய வெள்ளிச் சுரங்கத்தை வெர்னா ஏழு வருடமாகச் சுற்றிக்காட்டுகிறாள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் பலகையிலிருந்து எண் போட்ட பித்தளை வில்லை ஒன்றை எடுத்துப் போக வேண்டும். திரும்பியதும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும். நாற்பத்தொன்றாம் கொக்கி மட்டும் எப்போதும் காலி. அந்தக் காலத்தில் சுரங்கம் தீப்பிடித்தபோது, அந்த எண் வில்லை திரும்பி வராமலிருந்தும், உள்ளே ஒருவரும் இல்லை என்று எழுதிவிட்டுக் கம்பெனி அதன் வாயை அடைத்துவிட்டது.

அன்று மாலை, போன பன்னிரண்டு பேரும் திரும்பி வந்து வில்லைகளை மாட்டினார்கள். நாற்பத்தொன்றிலும் ஒன்று தொங்கியது.

"எவனோ வெளையாடியிருக்கான். கழட்டிப் போட்டுட்டுக் கதவைப் பூட்டு," என்றான் க்ளின்ட். அந்தக் கம்பெனிக்காரரின் கொள்ளுப்பேரன், இப்போதைய முதலாளி.

"மாட்டேன். உள்ள ஆளே இல்லைன்னு உங்க ஆளுங்க சாதிச்சாங்க. இப்ப வெளிய வந்தவனையும் இல்லைன்னு நான் சொல்லணுமா? நீயே கழட்டு."

க்ளின்ட் தொட்டான், சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். மற்ற வில்லைகள் சில்லிட்டிருந்தன. அது மட்டும், சட்டைப்பையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

வெர்னா பதிவேட்டைத் திறந்தாள். உள்ளே போனவர்கள் பன்னிரண்டு என்று ஏற்கெனவே எழுதியிருந்தாள். வெளியே வந்தவர்கள் பதின்மூன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை அவனிடம் நீட்டினாள்.

"பொய்னா அடிச்சிடு."

க்ளின்ட் பேனாவை வாங்கவில்லை.