ஓர் எண் தள்ளி

ஓஹியோவில் பழைய பட்டாளப் பொருட்களைச் சேகரிப்பவர்களின் போட்டிக் கண்காட்சியில், தன் மேசை முன் நின்று வெர்லின் தலையைச் சொறிந்தான். போர்வீரர் ஆரின் கெஸ்லரின் பதக்கம், கோட்டு, ஆவணங்கள் எல்லாம் ஒரே வீட்டில் வாங்கியவை. ஆவணத்தில் அவருடைய படை எண் 3108 என்று முடிந்தது. கோட்டின் காலருக்குள், சலவையில் மாறாதிருக்க எழுதிய கடைசி நான்கு இலக்கமோ 3109.

“தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பாரு,” என்றாள் மனைவி டோரீன்.

“பட்டாளத்துக்காரன் தூக்கத்துலகூட நம்பரைச் சரியாச் சொல்வான். கோட்டு போலி. நடுவருங்க வர்றதுக்குள்ள எடுத்துடணும்.”

எட்டிப் பார்த்த கிழவர் சிரித்தார். “எடுக்காதப்பா. டான்ஸுக்குப் போகணும்னு இந்தக் கோட்டை இரவல் வாங்கினான் ஆரின். அம்பது வருஷமாத் திருப்பித் தரல, திருட்டுப் பய.”

“யார்கிட்ட வாங்கினாரு?”

கிழவர் பர்ஸிலிருந்து, படையிலிருந்து தன்னை விடுவித்த சான்றிதழை எடுத்து நீட்டினார். ராய் கெஸ்லர்; எண் 3109 என்று முடிந்தது.

அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று படையில் சேர்ந்ததால், எண்களும் அடுத்தடுத்து வந்திருந்தன.