மூன்றும் சுத்தம்

மூன்று பாட்டில்களும் வெதுவெதுப்பாக இருந்தன. பிளாஸ்டிக்கைத் தாண்டி அந்தச் சூடு கையில் ஏற, மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆய்வகத்துக் கவுண்டரில் அவற்றைத் தள்ளிவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தான். துடைத்த கைக்குட்டையையும் குப்பையில் போட்டான்.

அப்பாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், பிதற்றல், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகல். அந்த அறையின் மூத்திர வாடைக்குப் பயந்து மகன் வாசற்படியோடு நின்றுவிடுவான். உள்ளே ஆகவேண்டியதெல்லாம் மனைவியின் தம்பி தலையில்.

“மூணும் நிறைஞ்சிருக்கணும். நொண்டிச் சாக்கு சொல்லிக்கிட்டு வெறுங்கையோட வந்து நிக்காத” என்று காலையில் ஆபீசிலிருந்தே போனில் அதட்டியிருந்தான். மச்சினனும் முக்கால் மணி நேரம் பஸ்ஸில் ஆய்வகத்துக்கே வந்து, சொன்னபடியே கையில் கொடுத்துவிட்டான்.

“எதுக்கும்மா மூணு? ஒண்ணே போதாதா நாறுறதுக்கு?” என்று மகன் கேட்டான்.

ஆய்வகத்துப் பெண் சிரிக்கவில்லை. “முதல்ல வர்றது வெளிக்குழாய் நிலைமையச் சொல்லும். நடுவுல வர்றது மூத்திரப்பையச் சொல்லும். கடைசியா வர்றது அதுக்குக் கீழ இருக்கிற சுரப்பியச் சொல்லும். கிருமி எங்க குடியிருக்குன்னு பிடிக்கணுமில்ல? சீழ் தெரிஞ்சா இன்னிக்கே ஆஸ்பத்திரில சேக்கணும்னு டாக்டர் எழுதியிருக்கார்.”

ஒரு மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். “கிருமிய வளத்துப் பாக்கிற கல்ச்சர் வர ரெண்டு நாளாகும் சார். ஆனா மூணுமே சுத்தம். ஒரு சீழ் செல்கூட இல்ல.”

“பாத்தியாடா? எல்லாம் நடிப்பு!” மகனின் அருவருப்பு ஆத்திரமாகத் திரும்பியது. “ஊரைக் கூட்டுறதுக்கு ஒரு முனகல். ஆஸ்பத்திரியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். கிடக்கட்டும் அங்கேயே.”

மச்சினன் தரையைப் பார்த்தான்.

அவள் மட்டும் டாக்டரின் சீட்டை மறுபடியும் படித்தாள். “இவ்வளவு காய்ச்சலுக்கு இது பொருந்தலையே... ஏன் தம்பி, போறப்ப எரியுதுன்னு பெரியவர் ஏதாவது சொன்னாரா?”

“அவரு ஒண்ணும் சொல்லலீங்க. எனக்கு எரியல.”

“உங்களுக்கா?”

மச்சினன் அவளை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினான்.

“அவருக்குத்தான் ரெண்டு நாளா சொட்டுகூட இறங்கலையே, அத்தான்!”