என் வீட்டில் ஒரு சி டிரைவ்

மாப்பிள்ளை திரையைச் சுட்டிக் காட்டினார். பாஸ்வேர்ட் கேட்டுக் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்து கேட்கக்கூட அவருக்கு மனமில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். ரூட் பாஸ்வேர்ட் என்பது கம்ப்யூட்டரின் கொத்துச்சாவி. என் மனைவியிடம்கூட அதை நான் சொன்னதில்லை. கேட்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள், பாவம்.

இடது கையால் மறைத்துக்கொண்டு வலது கையால் நானே தட்டினேன்.

அப்புறம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பல்கலைக்கழகக் கணினி அறையில் யூனிக்ஸ் இயந்திரங்களைக் கட்டி மேய்த்தே தலை நரைத்தவன் நான்; வீட்டிலும் அதுதான். திரையில் ஓடும் வரிகளைப் படித்துச் சொல்ல எனக்கு ஆள் வேண்டாம்.

படித்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

விண்டோஸ் புரோகிராம்களை யூனிக்ஸில் ஓட்டுகிற மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தார். வைன் என்று பெயர். விண்டோஸ் வாடையே படாமல் நான் காப்பாற்றி வைத்திருக்கும் வீடு இது. மகள் பள்ளியில் படிக்கும்போது ஏதோ விளையாட்டுக்காக அழுது புரண்டாள், அப்போதே விடவில்லை.

அவருக்குத்தான் ஆபீஸ் லேப்டாப் இருக்கிறதே, அதில் ஏற்றவேண்டியதுதானே? ஆபீஸில் அனுமதி இல்லையாம், கதை! என் கம்ப்யூட்டரில் வீட்டுப் பத்திரத்தை ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த மென்பொருளோ உள்ளே வந்ததும் என் மொத்த ஹார்ட் டிஸ்க்கையும் இசட் டிரைவ் என்று திறந்து காட்டிவிடும். எனக்குத் தெரியாதா?

சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. கொஞ்ச நாளாகவே இந்த வீட்டில் எல்லாம் கிசுகிசுதான். மகளும் மாப்பிள்ளையும் தலையோடு தலை சேர்த்துப் பேசுவார்கள், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். மகள் ஓயாமல் வெந்நீர் குடிக்கிறாள். பொய் பேசினால் தொண்டை வறளத்தானே செய்யும்.

போன வாரம் மாப்பிள்ளையின் போனில் ஒரு படம் கண்ணில் பட்டது. நரைத்த தலைகள் ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. நான் பார்ப்பது தெரிந்ததும் போனைக் கவிழ்த்துவிட்டார்.

முதியோர் இல்லம். வேறென்ன?

வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு என்னை அந்த பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைக்கப் போகிறார்கள். மாப்பிள்ளையாவது வந்தவர். பெற்ற மகளே இதற்கு உடந்தை என்பதுதான் தாங்க முடியவில்லை.

திரையில் புதிதாக ஒரு கோப்புறை முளைத்தது, விண்டோஸ்காரர்களின் சி டிரைவ் என்ற பெயரோடு.

"என் வீட்டுல சி டிரைவா?"

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். இத்தனைக்கும் நான் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்கிறேன் பேர்வழி என்று எதையோ மென்று முழுங்கினார்.

பிறகு பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினார். பெட்டியிலிருந்து ஒரு வயர். வயரின் நுனியில் அவரை விதை மாதிரி ஒன்று.

மைக். ஒட்டுக்கேட்கிற மைக். தூக்கத்தில் நான் உளறுவதைக்கூட விடமாட்டார்கள் போலிருக்கிறது.

விண்டோஸ் புரோகிராம் திறந்தது. திறந்த வேகத்தில், கருவியைக் காணோம் என்று சிவப்பு எழுத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வயரைப் பிடுங்கிச் செருகினார். பெட்டியைத் தட்டினார். மறுபடியும் சிவப்பு எழுத்து.

தப்பு வயரில் இல்லை. அந்தப் புரோகிராம் விண்டோஸ் வைத்த காம் ஒன்று என்ற பழைய பெயரைச் சொல்லிப் பெட்டியைத் தேடுகிறது. யூனிக்ஸில் அதற்குப் பெயரே வேறு. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு, தொடுவதற்கு அனுமதியும் கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் கண் முன்னால் ஒருவர் இருட்டில் தடவிக்கொண்டிருந்தால் எனக்குக் கை அரிக்கும், அவர் திருடனே ஆனாலும் சரி. கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். இரண்டு வரி. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

திரையில் ஒரு வரைபடம் வந்தது. மேலே என் பெயர். அதன் கீழே ஒரு கோடு, சறுக்குமரத்தில் இறங்குவதுபோல் அடிமட்டம்வரை போயிருந்தது.

அந்தக் கோட்டை டாக்டர் மேஜையில் பார்த்திருக்கிறேன். போன மாதம் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். சத்தமே வரவில்லை. மிஷின் ரிப்பேர், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதிலிருந்து காது என்று யாராவது பேச்செடுத்தாலே எரிந்து விழுவேன். வரைபடத்தின் ஓரத்தில் போனில் பார்த்த அந்த பெஞ்சும் இருந்தது; நரைத்த தலை ஒவ்வொன்றின் காதிலும் ஒரு அவரை விதை.

மாப்பிள்ளை வயரிலிருந்து அந்த அவரை விதையைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். அவள் அதை என் காதுக்குள் வைத்தாள். நான் தடுக்கவில்லை.

முதலில் மின்விசிறி கேட்டது. கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அது சத்தமில்லாமல் சுற்றுவதாக நினைத்திருந்தேன்.

"அப்பா, கேக்குதாப்பா?"

அது என் மகளின் குரலாகவே இல்லை. தெருத்தெருவாகக் கூவி விற்கிறவர்களுக்கு இருக்குமே, அப்படிக் கரகரத்துக் கிழிந்துபோயிருந்தது. பக்கத்தில் நின்றுகொண்டே அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறாள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கையில் வெந்நீர் டம்ளர்.

"மெதுவாப் பேசும்மா" என்றேன்.