சருகுச் சாக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பூச்சி ஆராய வந்த ஆர்த்திகா, பதினோராவது சாக்கையும் வெள்ளைத் துணியில் கொட்டிக் கிளறினாள். வெறும் சருகு. எரிச்சலில் சாக்கை வீசி எறிந்தாள்.

ராகலைக் காட்டிலிருந்து வந்த முதல் சாக்கில் எள்ளளவு வண்டு ஒன்று கிடைத்தது. உலகில் யாரும் இதுவரை பெயர் வைக்காத இனம். "இன்னும் ஒன்றாவது கிடைத்தால்தான் பெயர் வைக்கலாம்" என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆர்த்திகாவுக்கோ கால் பிசகியிருந்தது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமிதான் முதல் நாளிலிருந்தே சருகு அள்ளி வந்தாள்.

"ஒரு எறும்புகூட இல்லை அக்கா! தேயிலைக்கு அடிக்கிற மருந்தைக் காட்டுக்கும் அடிச்சுப்போட்டினமோ?"

"அதெல்லாம் இல்லீங்க மிஸ். காட்டுல பூச்சி புழு நெறைய கெடக்குது."

"அப்ப சாக்குக்குள்ள ஏன் ஒண்டும் வரேல்லை?"

நாகலெட்சுமிக்கு ரோசம் வந்துவிட்டது. "இருவது வருசமா கொழுந்து பறிக்கிறேன். பூச்சி இருக்கு, குச்சி இருக்குன்னு கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ள ஒரு நாளாவது என் சாக்கைத் தள்ளி வச்சிருக்காரா? சருகையும் நல்லா ஒதறித்தான் மிஸ் கட்டுறேன்!"

சருகைக் கிளறிய ஆர்த்திகாவின் கை அப்படியே நின்றது.

நாகலெட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "மொத நாளு மட்டும் மழை வந்திருச்சு. அவசரத்துல ஒதறாம கட்டிட்டேன். மன்னிச்சிருங்க மிஸ்."