பூச்சு இல்லாத நகம்

"ஒம்பது நகத்துக்கும் செவப்புப் பூச்சு. கட்டைவிரலை மட்டும் ஏம்மா மொட்டையா விட்டுட்டே?"

ரெகுலாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சூரிச்சிலிருந்து போன மாதம்தான் இந்த மலையூருக்குக் குடிவந்திருந்தாள். இன்றைய ஊர்ப் போட்டியில் அவள் புருஷனும் ஸ்னோபோர்டு என்ற பனிச்சறுக்குப் பலகை ஓட்டுகிறான்.

உர்சினா தன் வீட்டுக்காரனின் பலகையை மடியில் சாய்த்து, அதன் இரும்பு விளிம்பின் குறுக்கே அந்த மொட்டை நகத்தை வைத்து இழுத்தாள். விளிம்பு கூர்மையாக இருந்தால் நகம் வெள்ளைத் தூளாகச் சுரண்டி வரும். வந்தது. முன்பக்கத்தில் மட்டும் நகம் வழுக்கிக்கொண்டு போனது. அரத்தைக் கையில் எடுத்தாள்.

போன வருஷம் தங்கை கல்யாணத்துக்காகக் கட்டைவிரலுக்கும் தடிமனாகப் பூச்சு போட்டிருந்தாள். மழுங்கிய விளிம்பிலும் அந்தப் பூச்சு உரிந்து வர, கூர்மைதான் என்று நம்பி அனுப்பிவிட்டாள். மூன்றாவது வளைவில் அவள் வீட்டுக்காரன் ஃப்ளூரின் பனிக்கட்டியில் சறுக்கி வேலியில் போய் விழுந்தான். இவனுக்கு எதற்குப் போட்டி என்று ஊரில் சிலர் வாய்விட்டே கேட்டார்கள். இன்றைக்கும் விழுந்தால் அடுத்த வருஷம் பெயரையே சேர்க்க மாட்டார்கள்.

"உன் வீட்டுக்காரர் எங்கே? ஆளையே நான் இன்னும் பார்த்ததில்லையே."

"உள்ளே சூடா சாக்லேட் குடிச்சிட்டிருக்காரு."

"நல்ல ராஜாதான் போ. இதைப் பார்க்க அவருக்கு நகம் இல்லையா? விட்டா ஹெல்மெட்டைக்கூட நீயே மாட்டிவிடுவே போல."

"ஹெல்மெட்டு, பூட்ஸு எல்லாமே நான்தான்," என்றாள் உர்சினா, கொஞ்சம் கர்வமாகவே.

ரெகுலா தலையில் அடித்துக்கொண்டாள். தன் புருஷன் காபியைக்கூடத் தானே போட்டுக் குடிப்பான் என்று பீற்றிக்கொண்டே கீழே போனாள்.

ஃப்ளூரினைத் தயார்படுத்திவிட்டு உர்சினாவும் எல்லைக்கோட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவன் முறை வந்தது. ரெகுலா தன் புருஷனின் நேரத்தைக் காட்டிய கடிகாரப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உர்சினா மூன்றாவது வளைவைப் பார்த்தாள். விளிம்பு பனிக்கட்டியைக் கடித்துப் பிடித்தது. கடிகாரத்தில் ஃப்ளூரின் பெயர் எல்லோருக்கும் மேலே ஏறியது.

"ஒத்துக்கறேன்பா, ஓட்டத் தெரிஞ்ச ராஜாதான்," என்று ரெகுலா ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"குலுக்கணும்னா அவ கையைக் குலுக்குங்க," என்று தோளால் உர்சினாவைக் காட்டிச் சிரித்தான் ஃப்ளூரின். அவனுடைய ஜாக்கெட்டின் கைகள் இரண்டும் தோளுக்குக் கீழே வெறுமையாக முடிச்சிடப்பட்டிருந்தன.