ஏழாவது தெரு

மெட்ராஸில் மனை விற்கும் கம்பெனி நடத்தி வந்த துளசிராமன், 1972-ல் வேப்பம்பட்டு ஸ்டேஷனை ஒட்டி லே-அவுட் போட்டார். அங்கே போட்டிருந்த கொட்டகையில் வரைபடத்தை விரித்து, தெருப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார்.

ஏழாவது தெருவுக்கு அவருடைய பெயர்!

குடும்பத்தில் இறந்து போனவர்களின் பெயரைத்தான் தெருக்களுக்கு வைப்பது அவர்கள் வழக்கம். ஆறாவது தெரு, போன வருஷம் போய்ச் சேர்ந்த மனைவி முத்தம்மாள்.

"கோதண்டம், போன வாரம் டாக்டர் உன்னத் தனியா கூப்டு இன்னா சொன்னாரு?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒண்ணுமில்ல நைனா. வெறும் வாயு."

"அப்ப என் பேர இன்னாத்துக்குப் போட்டீங்க?"

கோதண்டம் வரைபடத்தைச் சுருட்டப் பார்த்தான். துளசிராமனுக்கு வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு அடைப்பது போலவே இருந்தது.

"எத்தினி நாளாம்?"

"அதெல்லாம் கேக்காத நைனா." கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கம்பெனிய உன் பேருக்கே எழுதிடறேன்டா. மூணு வருஷமா கேட்டியே, நான்தான் குடுக்கல. பத்திரம் எங்க?"

பத்திரம் கோதண்டத்தின் பையிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டவர், வீரராகவப் பெருமாளைக் கடைசியாக ஒரு தடவை சேவித்துவிட வேண்டுமென்று திருவள்ளூருக்கு ரயில் ஏறினார்.

ரயில் மறைந்ததும், வரைபடம் போடும் ஏகாம்பரம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பெரியவருக்கு நெஜமாவே இன்னா சார்?"

"வாயுதான்யா. டாக்டரே சிரிச்சாரு."

"அப்ப ஏழாவது தெருவுல அவரு பேர அழிச்சிடட்டா? நீங்க சொன்னபடி பென்சில்லதான் எழுதி வெச்சேன்."