பனங்காணிக்குள்ள எத்தினை டப்பா

பெக்கோ மெசின் ரெண்டாந்தரம் மண்ணை அள்ளினபோதே டப்பா வந்திட்டுது.

தட்டையான தகர டப்பா. சாப்பாட்டுத் தட்டளவு இருக்கும். மூடியைச் சுத்திக் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. பொலிஸ் சார்ஜன்ட் அதை ஒரு தடியால தட்டிப் பார்த்திட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஓம், போன் அடிச்சுச் சொன்னது நான்தான். ஒளிக்க என்ன கிடக்கு?

ஜீப்புக்குப் பக்கத்தில கையில விலங்கோட நிண்டவ சிவலட்சுமி. அடம்பன் ஊர்ப் பிள்ளை. மூண்டு கிழமையா எங்கட பேசாலை வீட்டு அறையில வாடகைக்கு இருந்தா. கமராக்காரி. இருபது வருசமா அதுதான் தொழிலாம். ஆனா அவ எடுக்கிற படத்தில கதையும் இல்லை, பாட்டும் இல்லை, ஆக்களும் இல்லை. உயிலங்குளத்தில குளம் வத்திறதை மட்டும் நாற்பது நிமிசம் எடுத்தவவாம். அதை வெளிநாட்டில சனம் காசு குடுத்து இருந்து பார்த்ததாம். கேட்டு எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு.

சந்தேகம் வந்தது அதால இல்லை.

கமராவோட இந்த ஊருக்கு ஆர் வந்தாலும் முதல் என்ர வீட்டுக்குத்தான் வருவினம். என்ர மனிசன் யாகப்பரின்ர படத்தை என்ர கையில தந்து, "அக்கா, வாசலில நிண்டு கொஞ்சம் அழுங்கோ" எண்டு கேப்பினம். நானும் அழுதிருக்கிறன். ஒருக்கா வெளிச்சம் காணாதெண்டு ரெண்டாந்தரமும் அழுதனான்.

இவ கேக்கவேயில்லை. நான் யாகப்பரின்ர கதையைச் சொல்லச் சொல்ல, குனிஞ்சு புட்டைக் குழைச்சுக்கொண்டு இருப்பா. ஒரு கேள்வி கேப்பாவோ? ம்ஹும்.

எல்லாம் தெரிஞ்சவைதானே கேள்வி கேக்கமாட்டினம். ஆர் அனுப்பின ஆளோ எண்டு அண்டைக்கே எனக்குப் பொறி தட்டிச்சுது. அண்டையில இருந்து அவ போற இடமெல்லாம் பின்னால போனனான்.

நேற்று மத்தியானம் மண்வெட்டியோட இந்தப் பனங்காணிக்குள்ள வந்தா. முந்தி ஆமிக் காம்ப் இருந்த காணி. ரெண்டாயிரத்து ஏழில யாகப்பரை விசாரிக்கவெண்டு கூட்டிக்கொண்டு வந்தது இங்கதான். உள்ள போனவர் வெளிய வரேல்லை. காம்ப் எழும்பிப் போன நாளில இருந்து, ஒருக்கா இந்த மண்ணைக் கிண்டிப் பாருங்கோ எண்டு ஒன்பது வருசமா அரசாங்கக் கந்தோர் கந்தோராக் கடிதம் குடுக்கிறன். ஒருத்தரும் ஒரு மண்வெட்டி போடேல்லை. முதல் மண்வெட்டி போட்டது இவ, அதுவும் புதைக்கிறதுக்கு!

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பனைக்குப் பின்னால நிண்டு கடைசி மட்டும் பார்த்தன். முழங்கை ஆழம் வெட்டி, டப்பாவை வைச்சு மூடினா. வீட்ட வந்த பிறகு நேரடியாவே கேட்டன்.

"அது பிலிம், அக்கா. உப்பு மண் அதைத் திண்டு தானாப் படம் கீறும்."

ஆருக்குக் காது குத்திறா? ஆமிக்காரர் இவவைக் கொண்டு ஏதோ சாமானை வைச்சு, ஆபத்தெண்டு இந்தக் காணியை ஒரேயடியா மூடப்போகினம் எண்டு நினைச்சன். பொலிசின்ர நூற்றிப்பத்தொன்பதுக்கு அடிச்சன்.

உயிர்த்த ஞாயிறுக் குண்டு வெடிச்சு ஆறு மாசமும் ஆகேல்லை. விடியக் காத்தால நீதவானின்ர கடிதமும் பெக்கோவும் வந்து நிக்குது. ஒன்பது வருசம் நான் அழுததுக்கு வராத பெக்கோ!

சார்ஜன்ட் நாடாவை உரிச்சு டப்பாவைத் திறந்தார். உள்ள பிலிம் சுருள். அதை இழுத்து வெயிலில பிடிச்சுப் பார்த்தார். வெளிச்சம் பட்டால் பிலிம் பழுதாப் போகுமெண்டு எனக்கே தெரியும். இவ ஒரு சத்தம் போடேல்லை.

குண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சார்ஜன்ட் பெக்கோவை நிப்பாட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். விலங்கைக் கழட்டத் திறப்பையும் எடுத்தார்.

அப்பதான் சிவலட்சுமி வாயைத் திறந்தா.

"இன்னும் பதினொண்டு கிடக்கு, ஐயா. புதைச்ச இடங்கள் நினைவில்லை."

திறப்பு திரும்பவும் பொக்கற்றுக்குள்ள போயிட்டுது.

பொய்! பச்சைப் பொய்! புதைச்சது ஒண்டுதான், என்ர ரெண்டு கண்ணாலயும் பார்த்தனான். மூண்டு கிழமைக்குள்ள வேற ஒரு நாளும் இந்தப் பக்கம் அவ கால் வைக்கேல்லை. கள்ளி பிடிபட்டா எண்டு நான் ஓடிப்போய் முன்னால நிண்டன்.

சார்ஜன்ட் என்னட்டைக் கேட்டார்.

"அம்மா, நீங்கள்தானே பாத்தது? எத்தினை?"

ஒண்டு எண்டு சொல்ல வாயெடுத்தன். இவ பேசாமல் நிண்டிருந்தால் இப்ப வீட்ட போயிருப்பாவே எண்டு அப்பதான் யோசினை வந்தது. இனி எத்தினை நாள் உள்ள வைச்சிருப்பினமோ, ஆருக்குத் தெரியும்?

அவவைப் பார்த்தன். அவ என்னைப் பார்க்கேல்லை. நிப்பாட்டின பெக்கோவையே பார்த்துக்கொண்டு நிண்டா.

என்ர தேவமாதாவே. நானும் திரும்பிப் பெக்கோவைப் பார்த்தன், பிறகு அது இன்னும் கிண்டாத காணியைப் பார்த்தன்.

"பதினைஞ்சு இருக்கும், ஐயா" எண்டன். "நல்ல ஆழமா வெட்டச் சொல்லுங்கோ. ஆளுயரத்துக்குப் புதைச்சவ."